பெயர் உதிர்ந்த வாழ்த்து

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன், வேளைக்குச் சாப்பிடுகிறேன், நம்பு. உன் முழங்கால் வலி தேவலையா? அப்பா மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாரா?

இங்கே ஒரு கூத்து. ஆபீசில் எல்லோருடைய பிறந்தநாளையும் தேதிவாரியாக அடுக்கி, தானாகவே வாழ்த்து அனுப்பும் புரோகிராம் எழுதச் சொன்னார்கள். ஒவ்வொரு பெயரோடும் ஒரு தேதி ஜோடியாக இருக்கும். நீ சமையலறை டப்பாக்களை இடம் மாற்றினால், மேலே ஒட்டிய சீட்டும் கூடவே போகும் அல்லவா? நான் அவசரத்தில் கொடுத்த கட்டளை, சீட்டு மாதிரி இருந்த பெயரையெல்லாம் உரித்துப் போட்டுவிட்டு, சரக்கான தேதியை மட்டும் அடுக்கிவிட்டது. பெயர் இருந்த இடத்தில் பூஜ்யம், ஒன்று, இரண்டு என்று எண்கள்தான் நின்றன.

ஆபீசில் வருடத்தின் முதல் பிறந்தநாள் உன் மகளுடையதுதானே, பூஜ்யம் என் தலையில் விழுந்தது! "அன்புள்ள பூஜ்யம், இனிய பிறந்தநாள் வாழ்த்துகள்" என்று ஆபீஸ் முழுவதற்கும் போய்விட்டது. மேனேஜர், "சொந்தச் செலவுல சூனியம் வெச்சுக்கிட்டியேம்மா!" என்று விழுந்து விழுந்து சிரித்தார். நானும் சிரித்தேன். மதியத்துக்குள் சரிசெய்துவிட்டேன், கவலைப்படாதே. இப்போது கேன்டீன்காரர்கூட, "பூஜ்யம் மேடம், டீயா?" என்கிறார்.

அலமாரியில் இருக்கும் என் பழைய போர்வையை அனுப்பு. துவைக்காமல் அனுப்பினாலும் பரவாயில்லை. அப்புறம், அடுத்த முறை போனில் "என்னடி, சாப்பிட்டியா?" என்று ஆரம்பிக்காதே. முதலில் என் பேரைச் சொல்லிக் கூப்பிடு. முழுசாக. இங்கே வந்ததிலிருந்து அதை யாரும் சரியாகச் சொல்லவில்லை.

பஸ் வந்துவிட்டது, நிறுத்துகிறேன்.

உன் மகள்