மீதி லாபம்

4.8.2025, திங்கள்
இன்று ஒரு லட்சத்து மூன்று எழுதினேன். 1,00,003. நடுவில் நான்கு சுழியம், ஒன்றையும் விடவில்லை.
எழுத்தறிவு வகுப்பில் தேவயானி டீச்சர் பகா எண் பற்றிச் சொன்னார். ஒன்றாலும் தன்னாலும் மட்டுமே மீதியில்லாமல் வகுபடும் எண். நான் எழுதியதும் அப்படித்தான் என்றேன். பார்த்ததும் தோன்றியது.
"எனக்கும் தெரியாதுங்கய்யா. வகுத்துப் பாருங்க" என்றார்.
பக்கத்து பெஞ்சு வெள்ளைச்சாமி சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டியவன். "அம்மாம் பெரிய நம்பரு எதுலயாச்சும் மாட்டாமயா போயிடும்? வகுபட்டுச்சுன்னா நீ ஒரு மாசம் ரிஜிஸ்டர்ல கைநாட்டு வையி. இல்லன்னா நான் வைக்கிறேன்."
எழுபத்தொரு வயதில் கையெழுத்துப் பழகி மூன்று மாதம்தான் ஆகிறது. இருந்தாலும் சரி என்றேன்.

5.8.2025
316 வரை உள்ள பகா எண்களால் மட்டும் வகுத்தால் போதும் என்றார் டீச்சர். அதற்கு மேல் ஒரு எண் வகுத்தால், விடை 316-க்குக் கீழே வந்து முன்பே சிக்கியிருக்கும். நல்ல யோசனை! மொத்தம் அறுபத்தைந்து கணக்கு.

9.8.2025
2 – மீதி லாபம். 3 – மீதி லாபம். 5 – மீதி 3. 7 – மீதி லாபம். 11 – மீதி 2.

17.8.2025
53-ஐ இரண்டு தடவை போட்டேன். மீதி 45.
வீட்டுக்காரி அம்மாக்கண்ணு கேட்கிறாள்: "ஆட்டுக்குத் தழை ஒடிக்கலியா? அது ஒங்க நம்பரையா திங்கும்?"

25.8.2025
வெள்ளைச்சாமி என் நோட்டைப் பிடுங்கினான். "டீச்சர், வீரமுத்து தோத்துட்டான்! மூணு எடத்துல மீதியே இல்ல, லாபம்னு எழுதியிருக்கான்!"
டீச்சர் அரியலூர் டவுன். அவருக்கும் புரியவில்லை. "லாபம்னா என்னங்கய்யா?"
கோபம் வந்துவிட்டது. "நாப்பது வருசம் களத்துல நெல்லு அளந்தவன் நான். அளக்கறவன் வாயில ஒன்னுன்னு வருமா? மொத மரக்கா லாபம். அப்புறந்தான் ரெண்டு, மூணு. எழுதப் படிச்சதும் அது தப்பாயிடுமா?" என்றேன்.
"கணக்கு சரிங்கய்யா. ஆனா எல்லாருக்கும் புரியிற மாதிரி எழுதணும்ல?" என்றார் டீச்சர்.
நியாயம்தான். மூன்று இடத்திலும் அடித்துவிட்டு 1 போட்டேன். கை கூசியது.

12.9.2025
313 – மீதி 156.
முடிந்தது. அறுபத்தைந்திலும் மீதி. என் கண் தப்பவில்லை!

15.9.2025
டீச்சர் போனிலும் பார்த்துவிட்டார். பகா எண்தான்.
வெள்ளைச்சாமி சொன்ன சொல் மாறவில்லை. மைப்பெட்டியில் பெருவிரலை அழுத்தி ரிஜிஸ்டரில் வைத்தான். என் முகத்தைப் பார்க்கவில்லை. எனக்குச் சந்தோஷமாக இருக்கும் என்றுதான் நினைத்திருந்தேன்.
"ஒரு மாசமெல்லாம் வேணாம்டா" என்றேன்.
"பின்ன எத்தன நாளு?"
"லாபம்."
சிரித்துவிட்டான்.

16.9.2025
வருகைப் பதிவில் என் எண் 1. டீச்சர் இன்று "லாபம்" என்று கூப்பிட்டார். "உள்ளேன்" என்றேன். "ரெண்டு" என்றதும் வெள்ளைச்சாமி எழுந்துபோய்க் கையெழுத்துப் போட்டான். விரலில் மை இன்னும் போகவில்லை.