அப்பா காட்டிய சைகை

மார்ச் 4

என் பாப்பாவுக்கு அம்மா எழுதுவது.

அப்பா போய் ஐந்து வாரம் ஆகிறது. என் உடம்புக்கு ஒன்றுமில்லை. நேற்று நீ போனில் சொன்னதில் பாதி எனக்குக் கேட்கவில்லை. முப்பது வருஷம் தறிச் சத்தத்தில் நின்ற காது, போனை எவ்வளவு அழுத்தி வைத்தாலும் இரைச்சல்தான். அதனால்தான் எழுது என்றேன். எழுத்துக் கூட்டி மெதுவாகப் படித்துக்கொள்வேன்.

மில்லுக்குப் போக ஆரம்பித்துவிட்டேன். அப்பாவின் தறியில் புதிதாக ஒரு பெண் நிற்கிறாள். நல்ல பெண்தான், நூல் அறுந்தால் மட்டும் பதறுகிறாள். இந்த வாரம் மூன்று தடவை என் தறியை நானே நிறுத்திவிட்டேன். அப்பாவின் தறிப் பக்கமிருந்து யாரோ கை காட்டின மாதிரி இருந்தது. திரும்பிப் பார்த்தால் அந்தப் பெண் குனிந்து நூல் முடிந்துகொண்டிருக்கிறாள். மேஸ்திரி வந்து காதுக்குள் கத்தினார், "யாரும்மா நிறுத்தச் சொன்னது?" என்று. தெரியாமல் கை பட்டுவிட்டது என்றேன்.

வீட்டிலும் அப்படித்தான். சாப்பிட உட்கார்ந்தால் எதிர் நாற்காலியை யாரோ இழுக்கிற சத்தம். காது மந்தமானவளுக்கு அது மட்டும் நன்றாகக் கேட்கிறது. பயமெல்லாம் இல்லை. "உட்காருங்க" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடுகிறேன்.

லீவு கிடைத்தால் ஒரு எட்டு வந்துவிட்டுப் போ.

அம்மா

மார்ச் 19

அன்புள்ள அம்மா,

நான் வரவில்லை. பஸ் அந்த ஓட்டல் வாசலில்தான் திரும்பும். என்னால் அதைப் பார்க்க முடியாது.

"இதெல்லாம் நமக்கெதுக்கு பாப்பா" என்று அப்பா சொல்லத்தான் சொன்னார். கல்யாண நாளைக்காவது ஜோடியாக வெளியே போய்ச் சாப்பிடுங்கள் என்று நான்தான் அடம்பிடித்து மேஜை பிடித்துக் கொடுத்தேன். ஊரிலேயே பெரிய ஓட்டல் என்று பெருமை வேறு. முப்பத்திரண்டு படி. கனமான சாப்பாடு. நான் நர்ஸ் அம்மா. நெஞ்சுவலிக்காரர்களைத் தினமும் பார்க்கிறவள். போன லீவிலேயே அப்பாவுக்கு மூச்சு வாங்கியதைப் பார்த்தேன், கேட்காமல் விட்டேன். அவரைக் கொன்றது என் பரிசு.

ஒன்று மட்டும் சொல். வலிக்கிறது என்று ஏதாவது சொன்னாரா? ஒன்றுமே சொல்லாமல் சாய்ந்துவிட்டார் என்று டாக்டரிடம் சொன்னாயாம். அவருக்கு ஒன்றும் தெரியாமலே போயிருந்தால் எனக்கு அதுவே போதும்.

பாப்பா

ஏப்ரல் 2

பாப்பா,

உன் கடிதம் பத்து நாளாகத் தலையணைக்கு அடியில் இருந்தது. டாக்டரிடம் நான் சொன்னது பொய்.

படி ஏறும்போது அவருக்கு ஒன்றுமில்லை. எனக்குத்தான் இரைத்தது. புது மாப்பிள்ளை மாதிரி முன்னால் ஏறிப்போய் நின்றுகொண்டு, "என்ன மகாராணி, தூக்கிட்டு வரணுமா?" என்றார். மேலே மெழுகுவத்தி, வெள்ளைத் துணி, ஆளுக்கு மூன்று கரண்டி. ஊரில் உள்ள வக்கீல், டாக்டர், எங்கள் மில் மேனேஜர் எல்லாரும் அங்கேதான். அத்தனை பேர் இருந்தும் பேச்சுச் சத்தமே இல்லை. அப்பாவுக்கோ மெதுவாகப் பேசத் தெரியாது. சூப்பைக் குனிந்து பார்த்து, "ஏய், இதுல நம்ம மூஞ்சிதான் தெரியுது, காயைக் காணோமே" என்றார். மேனேஜர் சம்சாரம் திரும்பிப் பார்த்தாள். எனக்கு உடம்பே கூசிப்போனது.

"மானத்தை வாங்காதீங்க. வாயைத் திறக்காம, மில்லுல பேசற மாதிரி கையாலயே பேசுங்க" என்றேன்.

அதற்குப் பிறகு அவர் வாயைத் திறக்கவே இல்லை. எல்லாம் கைதான். மேனேஜரின் வழுக்கையைக் காட்டி, 'நூல் தீர்ந்துபோச்சு' என்று சைகை. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. மூன்றாவதாக ஒரு தட்டைக் கொண்டுவந்து வைத்தார்கள். அப்பா நெஞ்சில் இரண்டு தரம் தட்டிக் காட்டினார். எங்கள் மில்லில் அதற்கு 'தறியை நிறுத்து, இங்கே வா' என்று அர்த்தம். போதும், இனிமேல் கொண்டுவர வேண்டாம் என்கிறார் என்று நினைத்துச் சிரித்தேன். அவரும் சிரித்தார்.

அப்புறம் மீன் வந்தது. மறுபடியும் நெஞ்சில் தட்டினார். நான் மறுபடியும் சிரித்தேன். இந்தத் தடவை அவர் சிரிக்கவில்லை. அதை நான் பார்த்தேன் பாப்பா. பார்த்தும், மனுஷர் நடிக்கிறார் என்று நினைத்து, "சும்மா இருங்க, மேனேஜர் பாக்கறார்" என்று சொல்லிவிட்டுக் குனிந்து முள் எடுத்துக்கொண்டிருந்தேன். இன்னொரு தரம் தட்டினாரா என்று எனக்குத் தெரியாது. நிமிர்ந்தபோது அவர் நெற்றி மேஜைமேல் இருந்தது.

மில்லில் அந்தச் சைகையை யார் காட்டினாலும், ஜென்மப் பகையாளியாக இருந்தாலும், போட்டது போட்டபடி ஓடுவோம்.

உன் பரிசு இல்லை, படி இல்லை, சாப்பாடு இல்லை. அவர் வாயைக் கட்டினது நான். சேதி கேட்டு வந்த அன்றைக்கு நீ என் மடியில் விழுந்து, "என்னாலதாம்மா" என்று அழுதாய். நான் உன் தலையைத் தடவினேனே தவிர ஒரு வார்த்தை பேசவில்லை. சொன்னால் நீயும் எனக்கு இல்லாமல் போய்விடுவாய் என்று பயம்.

அம்மா

மே 6

அம்மா,

நாலு தடவை எழுதிக் கிழித்தேன்.

நீ சிரித்ததில் எனக்குக் கோபம் இல்லை. அங்கே நான் இருந்திருந்தாலும் சிரித்திருப்பேன். உடனே எழுந்திருந்தால் அப்பா பிழைத்திருப்பாரா என்று நீ கேட்கவில்லை. கேட்காதே. நர்ஸாக எனக்கு அதற்குப் பதில் தெரியாது.

ஆனால் என்னால்தான் என்று நான் மடியில் கிடந்து அழுதபோது, இல்லை என்று சொல்லாமல் என் தலையைத் தடவிக்கொண்டே இருந்தாயே, அதைத்தான் தாண்ட முடியவில்லை. அந்தக் கை இன்னும் தலைமேல் இருக்கிற மாதிரி இருக்கிறது. டூட்டியில் இருக்கும்போதுகூட உதறிப் பார்க்கிறேன், போக மாட்டேன் என்கிறது.

கொஞ்சம் ஆறட்டும். அப்புறம் வருகிறேன்.

பாப்பா

மே 14

பாப்பா,

நீ எழுதினது சரி.

ஆறின பிறகு வருகிறேன் என்கிறாய். வேண்டாம், ஆறாமலே வா. ரயிலில் வந்தால் அந்தத் தெரு வராது, பின்பக்கமாகவே வீட்டுக்கு வந்துவிடலாம். வந்து முகத்தைத் திருப்பிக்கொண்டு படு. நான் பக்கத்தில் வரமாட்டேன், தொடமாட்டேன். சாப்பிட்டாயா என்றுகூடக் கேட்க மாட்டேன். சாப்பாடு மேஜைமேல் இருக்கும்.

நான் ஒருத்தியாகப் பேசாமல் இருப்பதைவிட, நாம் இரண்டு பேராகப் பேசாமல் இருக்கலாம்.

அம்மா