அசையாதேங்கோ ஊசி

11.02.2003, நோர்வூட்

இன்றும் டொக்டர் பேரின்பநாயகத்தின் பிரசங்கம். முழங்கால் வலிக்கு அக்குபங்சர் கேட்குமா என்று எங்கள் தேயிலைத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் ஆராய்ச்சி செய்கிறார். பாதிப் பேருக்கு உண்மையான ஊசி. மீதிப் பேருக்குத் தோலில் பட்டதும் பிடிக்குள்ளேயே போய்விடும் பொய் ஊசி. யாருக்கு எது என்று குத்துகிற அவருக்கு மட்டும்தான் தெரிய வேண்டும். ஊசி போட வருகிறவர்களுக்கும், வலி எவ்வளவு என்று கேட்டு எழுதுகிற எனக்கும் தெரியக்கூடாதாம்.

"நீரும் தோட்டத்துப் பிள்ளைதானே சுகிர்தம். அவையளோட கதைச்சுத் திரியாமல் வாயைப் பொத்திக்கொண்டு இரும்."

நான் பிறந்த லயத்து வீட்டை இழுக்காமல் இந்த மனுஷனுக்கு ஒரு வசனம் முடியாது. பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவள் நான். திமிர் பிடித்தவர்.

19.02

மழை. அவர் குரலைக் கேட்டாலே எரிகிறது.

04.03

கொழுந்து நிறுக்கும் இடத்தில் பெண்கள் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். ராசம்மா அக்கா டொக்டர் மாதிரியே குரலை இழுத்து, "அசையாதேங்கோ" என்கிறார். உண்மையான ஊசி இறங்கினால் மட்டும் அவர் அப்படிச் சொல்வாராம். பொய் ஊசிக்குச் சொல்வதில்லை. அசைந்தால்தான் என்ன, உள்ளே ஒன்றும் இல்லையே!

"நான் அசையாதேங்கோ ஊசி. ஒங்க பெரியம்மாதான் பாவம், சும்மா ஊசி."

என்னையா வாயைப் பொத்தச் சொன்னார்? அவர் வாயே எல்லாவற்றையும் கொட்டிவிட்டது. நாளைக்கே முகத்துக்கு நேரே சொல்கிறேன். அந்த முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டும்.

05.03

சொல்லவில்லை.

நான் வாயைத் திறக்குமுன் அவரே தொடங்கினார். கடைசியில் ஒரு சோதனை இருக்கிறதாம். தனக்குப் போட்டது எந்த ஊசி என்று யாரும் கண்டுபிடிக்கவில்லை என்று தெரிந்தால்தான் ஆராய்ச்சிக்குக் காசு தருகிற வெளிநாட்டுக்காரர்கள் தொடர்ந்து உதவுவார்களாம். அப்போது பொய் ஊசிக்காரருக்கும் உண்மையான ஊசி கிடைக்கும். இல்லாவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

பேச்சியம்மா பெரியம்மா மலை ஏறும்போது கையை ஊன்றித்தான் ஏறுகிறார். அம்மா போன பிறகு என்னை வளர்த்தவர். ச்சே — இந்த ஆளைக் கவிழ்த்தால் அவரும் சேர்ந்துதானே கவிழ்வார்? என்ன செய்யிறது நான்?

26.03

சோதனை முடிந்தது. டொக்டரே உட்கார்ந்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். "உங்களுக்குப் போட்டது உண்மையான ஊசியோ, பொய் ஊசியோ?"

"தெரியாதுங்க" என்றார் ராசம்மா அக்கா. அடுத்தவரும் "தெரியாதுங்க." மலையில் வேலை வாங்குகிற கண்டாக்கு ஐயா கேட்டாலும் பொலிஸ் கேட்டாலும் எங்கள் சனம் சொல்கிற பதில் அதுதான். தெரிந்ததைச் சொல்லி வம்பை விலைக்கு வாங்க யாருக்கும் ஆசையில்லை. பெரியம்மாவும் முழங்காலைத் தடவிக்கொண்டே அதையே சொன்னார்.

டொக்டருக்கு வாயெல்லாம் பல். "பாத்தீரே, ஒருத்தருக்கும் பிடிபடேல்லை. இனி நீர் சொல்லும். பேச்சியம்மாவுக்கு எது எண்டு நினைக்கிறீர்?"

இத்தனை நாளும் அவரோடு நான் டீச்சர் தமிழில்தான் பேசியிருக்கிறேன். ஒரு நாளும் அவருக்கு முன்னால் எங்கள் தோட்டத்துப் பேச்சில் வாய் திறந்ததில்லை.

"தெரியாதுங்க" என்றேன்.

அவர் தலையாட்டிக்கொண்டு எழுதினார்.