பிரஷ் கழுவும் தொட்டி

என்னங்க,

முட்டை அவித்துத் தட்டு போட்டு மூடியிருக்கிறேன், ரொட்டி டப்பாவில் இருக்கிறது. சாவி செருப்பு அலமாரிக்குள். படத்துக்குச் சட்டம் போடுபவர் வருவார். வலது மூலை இன்னும் காயவில்லை, கை படாமல் எடுக்கச் சொல்லுங்கள்.

நான் ஓவியக் கல்லூரிக்குப் போகிறேன், முதுகலையில் சேருவதாகச் சொல்லிவிட்டு வர. பேர் போன கல்லூரி இல்லை, பஸ் டிப்போவுக்குப் பின்னால் இருப்பது. மறுபடி ஆரம்பிக்காதீர்கள். இரண்டையும் போய்ப் பார்த்துவிட்டேன். பேர் போன கல்லூரியில் பிரஷ் கழுவும் தொட்டி பளபளவென்று இருந்தது. அங்கே பேச்சுதான் அதிகம். டிப்போ கல்லூரித் தொட்டியில் பெயிண்ட் அடை அடையாக அப்பியிருந்தது. ஆசிரியை ஒருவர் முழங்கை வரை பச்சையோடு வந்து, "கொஞ்சம் தள்ளிக்கம்மா, நானும் கழுவணும்" என்றார். அங்கேயே முடிவு பண்ணிவிட்டேன்.

"இருபது வருஷமா படம் வரைஞ்சு வித்து சாப்பிடறவளுக்கு எவன் என்ன சொல்லித்தரப் போறான்?" என்று நேற்று கேட்டீர்கள். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். இன்று பல் தேய்க்கும்போதுதான் அது பாராட்டு என்று உறைத்தது. சொல்லித்தர ஆள் வேண்டாம். இத்தனை வருஷம் தனியாகவே கழுவியாயிற்று, பக்கத்தில் நின்று கழுவ ஆள் வேண்டும்.

பி.கு. நம் வீட்டுத் தொட்டியைத் தேய்த்து வெளுக்க வைத்திருக்கிறீர்கள். சமாதானத்துக்குத்தான் என்று தெரியும், கை வலித்திருக்கும். ஆனால் பார்த்ததும், வரைவதை விட்டுவிட்டவள் வீடு மாதிரி இருந்தது. நீலப் பெயிண்ட் தோய்த்த பிரஷ் ஒன்றை அதில் உதறிவிட்டுப் போகிறேன். காயட்டும், தொடாதீர்கள்.