ஒரே வீடு, வேறு ரத்தம்

இன்று காலை புதிய கையுறைப் பெட்டியைத் திறந்தேன். ரப்பர் வாடை வந்ததும் நீ வழக்கமாகச் சொல்வது காதில் விழுந்தது. "நம்ம அம்மாங்க மரத்துல வெட்டுன பாலுலா இது. சுத்திச் சுத்தி நம்ம கைக்கே வந்திருச்சி பாரு." போர்டிக்சன் சாலையோர ரப்பர் தோட்டத்தில், தொழிலாளர் வீட்டு வரிசையான ஒரே லயத்தில் வளர்ந்த நாம் ஒரே ஆய்வுக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தது தற்செயல். நீ அதை விதி என்பாய். உன்னோடு வாதாடி ஜெயிக்க முடியாது என்பதால் விட்டுவிட்டேன்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நம்மிடம் வந்த மரபணுவுக்கு ஒழுங்கான பெயர்கூட இல்லை, ஓர் எண் மட்டும். சிறுநீரகம் கெடத் தொடங்கும்போதே அதன் புரதம் ரத்தத்தில் கூடுகிறதா, கூடினால் நோயை முன்கூட்டியே காட்டுமா, அந்த மரபணுவை அடக்கினால் நோய் தணியுமா என்று நாம் பார்க்க வேண்டும். எனக்கு அது சம்பளத்துக்குச் செய்யும் வேலை. உன் அப்பா அந்த நோயில்தான் போனார். உன் கால்களும் வீங்கத் தொடங்கியிருந்தன. நோயாளிகளின் ரத்தம் பிடித்த சோதனைக் குழாய்களோடு உன் குழாயும் நின்றது. "சீக்கிரம் கண்டுபிடிடி, எனக்கு அவசரம்" என்று சிரிப்பாய்.

ஒப்பிட்டுப் பார்க்க நோய் இல்லாதவர்கள் வேண்டும். வெளிநாட்டு முறைப்படி நோயாளியின் கணவனையோ மனைவியையோ எடுத்தோம். ஒரே வீடு, ஒரே சாப்பாடு, வேறு ரத்தம். ரப்பர் பாலை எடை போட்டுவிட்டு வருகிறவர்களைத் தோட்டம் தோட்டமாகப் போய்ப் பார்த்தோம். முடிவு உப்புச்சப்பில்லாமல் வந்தது. இரு பக்கமும் பெரிய வித்தியாசம் இல்லை. இதைக் கைவிட்டுவிடலாம் என்றார் நம் தலைவர். உன் முகத்தை நான் பார்க்கவில்லை.

மிச்சமிருந்த சிலரையும் முடித்துவிடுவோம் என்று உன் வீட்டுக்காரரை வரச் சொன்னாய். செனாவாங் தொழிற்சாலையில் ஷிப்ட் முடிந்து மோட்டார் சைக்கிளில் வந்தார். குழாயில் அவர் பெயரை எழுதிக்கொண்டிருந்த நீ பேனாவை நிறுத்தினாய்.

"ஏய், இவரு என் அத்த மவன்டி."

"தெரிஞ்சதுதானலா. அதுக்கு என்னா இப்ப?"

"இவரு வேற ரத்தமா?"

இருவரும் சிரித்தோம். சிரிப்பு பாதியில் நின்றது. நாம் ரத்தம் எடுத்த தம்பதிகளில் பெரும்பாலோர் மாமன் மகள், அத்தை மகன் என்று சொந்தத்தில் கட்டியவர்கள். நோயில்லாதவர் என்று எடுத்தவர்களிடமும் நோயாளியின் குடும்ப ரத்தமே ஓடியது. அந்தக் கல்யாணங்களில் சாப்பிட்டு வளர்ந்த நமக்கே அது உறைக்கவில்லை.

மறுபடியும் தோட்டங்களுக்குப் போனோம். இம்முறை நோயாளிகளோடு சொந்தமே இல்லாதவர்களைத் தேடித் தாத்தா பாட்டி வரை விசாரித்தோம். "பொண்ணு பாக்க வந்தவங்களாட்டம் கேக்குறீங்களே" என்று ஒரு அம்மா சிரித்தார். அவர்களோடு ஒப்பிட்டதும் வித்தியாசம் பளிச்சென்று தெரிந்தது. நோய் முற்றுமுன்பே அந்தப் புரதம் ஏறிவிடுகிறது. நலமானவர் என்று கூப்பிட்டு வந்த உன் வீட்டுக்காரருக்கும் ஏறியிருந்தது. வைத்தியம் அன்றே தொடங்கியது.

மருந்துப் பக்கம் கை கொடுக்கவில்லை. செல்களில் அந்த மரபணுவை அடக்கினால் அவை இன்னும் சீக்கிரம் செத்தன. தலைவர் அறிக்கையில் மருந்துக்கும் வாய்ப்புண்டு என்று ஒரு வரி சேர்க்க விரும்பினார். வேண்டாம் என்று நின்றது நீதான்.

"அது தீ வைக்கிற ஆளு இல்லடி. தீப்பிடிச்சிருச்சின்னு கத்துற ஆளு. அது வாயை அடைச்சா யாருக்கு லாபம்?"

எனக்குக் கோபம் வந்தது. அந்த வரி இருந்தால் இன்னும் சில ஆண்டு தேடியிருப்பார்களே, உனக்காக. நீயோ கையுறையைக் கழற்றிக் குப்பையில் போட்டுவிட்டுச் சாப்பிடப் போனாய். அடுத்த தீபாவளிக்கு நீ இல்லை.

இன்று அந்தப் பெட்டியைத் திறந்தது உன் வீட்டுக்காரருக்காக. ஆண்டுக்கு ஒரு முறை வருகிறார். இப்போதும் மோட்டார்தான், இப்போதும் செனாவாங்தான். சட்டைக் கையை மடித்துவிட்டு, "நல்லாத்தான்லா இருக்கேன், எதுக்கு இது?" என்று அலுத்துக்கொள்கிறார். ரத்தம் கொடுத்துவிட்டுப் போனார்.

மாலையில் முடிவு வந்தது. இந்த ஆண்டும் அந்தப் புரதம் மேலே ஏறவில்லை. தாளைக் கையில் எடுத்ததும், "ஏறலடி" என்று உன் நாற்காலிப் பக்கம் திரும்பிச் சொல்லிவிட்டேன்.