நூலகத்தில் நானாவோடு ஒரு பெண்

ஆகஸ்ட் 11, திங்கள்

பல்கலைக்கழகத்தில் முதல் நாள். பாசிர் ரிஸ்ஸில் ஏறி, சிங்கப்பூரின் கிழக்குக் கோடியிலிருந்து மேற்குக் கோடி வரை ரயில். ஒரு தூக்கம் போட்டு எழுந்தால் அப்போதுதான் பாதித் தீவு முடிந்திருக்கிறது.

அண்ணன் ஃபஹத் நானாவும் அதே ரயிலில்தான் வந்தான். ஆனால் வேறு பெட்டியில். என்னைவிட இரண்டு வயது மூத்தவன். தேசிய சேவை என்ற இரண்டு வருடக் கட்டாயப் பட்டாளத்தை முடித்துவிட்டு இந்த ஆண்டுதான் சேர்ந்திருக்கிறான். ஆக, அண்ணனும் தங்கையும் ஒரே பொறியியல், ஒரே வகுப்பு. வீட்டு வாசலிலேயே சட்டம் போட்டுவிட்டான்: "கேம்பஸ்ல என்னைத் தெரியாத மாதிரி இருந்துக்க. தங்கச்சியோட ஒரே கிளாஸ்னு தெரிஞ்சா பசங்க கிண்டலடிப்பாங்க லா."

பட்டாளத்தில் சார்ஜண்டாக இருந்தவனின் உத்தரவு. எனக்கென்ன, நல்லதாய்ப் போயிற்று.

ஆகஸ்ட் 20

நானாவைத் தெரியாதவளாக இருப்பது இவ்வளவு சுகமா? வீட்டிலும் இதைக் கொண்டுவரலாம்.

செப்டம்பர் 18

முதல் கணிதத் தேர்வின் மதிப்பெண் வந்தது. எனக்கு நன்றாகவே வந்திருக்கிறது. சாயங்காலம் ரயிலில் நானா என் பெட்டிக்கு வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். அதுவே அதிசயம்.

"ஃபெயில். எல்லாம் மறந்துபோச்சு. ரெண்டு வருஷமா ரைஃபிளக் கழட்டி மாட்டுனதுதான் மிச்சம்." கொஞ்சம் கழித்து, "படிப்ப விட்டுட்டு ஆர்மியிலேயே சைன் ஆன் பண்ணிடலாம்னு பாக்குறேன்."

கேலி நாக்கு நுனி வரை வந்தது. அவன் முகத்தைப் பார்த்ததும் விழுங்கிவிட்டேன். நிரந்தரமாகப் பட்டாளத்துக்கா? சின்ன வயதிலிருந்து பாலங்களைப் படம் எடுத்துக்கொண்டு திரிந்தவன். வாப்பா வேறு தேக்கா சந்தைக் கடையில், "மகன் எஞ்சினியருக்குப் படிக்கிறான்" என்று சொல்லாமல் ஒரு பயணப்பெட்டி விற்பதில்லை.

நான் சொல்லித் தருகிறேன் என்று காலாங் ஸ்டேஷனில் சொன்னேன். பாசிர் ரிஸ் வந்த பிறகுதான் தலையாட்டினான். நிபந்தனை: வீட்டில் யாருக்கும் தெரியக் கூடாது.

செப்டம்பர் 24

நூலகத்தில் மூலை மேசை, எல்லோருக்கும் முதுகு காட்டி. நானா "புரியுது" என்று ஒரு முறை சொன்னால் புரியவில்லை என்று அர்த்தம். "புரியுது புரியுது" என்றால் சுத்தமாகப் புரியவில்லை. ஆனால் எழுந்து ஓடவில்லை. அந்த வரைக்கும் சரி.

அக்டோபர் 7

உம்மா என்னை அடுக்களைக்குள் இழுத்துக் கதவைச் சாத்தினார். உம்மாவின் தோழி முனீரா ஆன்ட்டிக்கு எங்கள் நூலகத்தில்தான் வேலை. நானா தினமும் ஒரு பெண்ணோடு உட்கார்ந்திருக்கிறானாம். பின்னாலிருந்துதான் பார்த்தாராம். நீல ஹிஜாப்.

அந்த நீல ஹிஜாப் எனக்கு உம்மா வாங்கித் தந்ததுதான். யா அல்லாஹ்.

"நீயும் அங்கதானே படிக்கிறே, ஃபர்சானா? யாரு, என்னன்னு பார்த்துட்டு வா. வாப்பாவுக்கு இப்ப தெரிய வேணாம்."

நானாவிடம் சொன்னேன். வெட்கப்படுவான் என்று பார்த்தால் சந்தோஷப்படுகிறான். "விடு, கேர்ள்ஃப்ரெண்டுன்னே நினைக்கட்டும். தங்கச்சிகிட்ட டியூஷன்னு தெரியுறதுக்கு அது எவ்வளவோ மேல்."

அக்டோபர் 9

உளவு அறிக்கை சமர்ப்பித்தேன். "நல்ல பொண்ணு மாதிரிதான் தெரியுது உம்மா. அடக்கமான பொண்ணு. கணக்குல பயங்கர கெட்டிக்காரியாம்."

உம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. நானாவின் டப்பாவில் இன்று உருளைக்கிழங்குக் கறி அடைத்த கறிபாப் இரண்டு மடங்கு. "அந்தப் பிள்ளைக்கும் குடு."

அக்டோபர் 10

அந்தப் பிள்ளைக்குக் கறிபாப் மிகவும் பிடித்திருக்கிறது.

அக்டோபர் 26, ஞாயிறு

கடையில் தீபாவளிக் கூட்டம் ஓய்ந்து வாப்பா இன்றுதான் நேரத்தோடு வீட்டுக்கு வந்தார். உம்மாவால் அதற்கு மேல் அடக்க முடியவில்லை. சொல்லிவிட்டார்.

சாப்பிடும்போது வாப்பா கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "ரெண்டு வருஷம் ஆர்மியில போச்சு. இப்ப படிக்கிற நேரத்துல லைப்ரரில பொண்ணோட உக்காந்திருக்கியாமே? படிக்க இஷ்டமில்லேன்னா நிறுத்திடுப்பா."

என் விளையாட்டு இப்படி வினையாகும் என்று நான் நினைக்கவே இல்லை. வாயைத் திறந்தால் நானாவைக் காட்டிக்கொடுத்ததாகும். மூடியிருந்தால் — நிறுத்து என்று இவர் சொன்னதே அவனுக்குப் பட்டாளத்துக்குப் போகச் சாக்காகிவிட்டால்? சோற்றையே பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குப் பயமாக இருந்தது.

நானாதான் பேசினான். "அந்தப் பொண்ணு ஃபர்சானாதான் வாப்பா. நான் மேத்ஸ்ல ஃபெயில். அவதான் சொல்லித் தர்றா. இல்லேன்னா போன மாசமே விட்டுட்டுப் போயிருப்பேன்."

உம்மாதான் முதலில் கேட்டார், "அப்ப அந்தக் கறிபாப் எல்லாம்?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வாப்பா சிரிப்பை அடக்கப் போய்ப் புரையேறிவிட்டது. நானாதான் தண்ணீர் எடுத்துக் கொடுத்தான். குடித்து முடித்து, "ஏம்ப்பா எங்கிட்ட சொல்லல?" என்று மட்டும் கேட்டார்.

அக்டோபர் 27

உம்மாவுக்குத்தான் ஏமாற்றம். மருமகள் என்று நினைத்தது மகளாகப் போயிற்று. "அடக்கமான பொண்ணா நீ?" என்று காதைத் திருகினார்.

டிசம்பர் 23

நானா கணிதத்தில் தேறிவிட்டான். சி பிளஸ்தான், ஆனால் உம்மா தெருவுக்கே பிரியாணி போடுவார் போலிருக்கிறது. பட்டாளப் பேச்சு வீட்டில் இப்போது எழுவதில்லை. எனக்கு ஏ. அதை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. பரவாயில்லை. இல்லை, கொஞ்சம் உறுத்தத்தான் செய்கிறது.

ஜனவரி 28

இந்தப் பருவத்தில் கம்ப்யூட்டர் கோடிங். மற்றவர்கள் தட்டினால் ஓடுகிறது. நான் தட்டினால் திரையெல்லாம் சிவப்பு எழுத்து. நானாவுக்கு அநியாயத்துக்கு நன்றாக வருகிறது. கேட்டால் போயிற்று.

கேட்க மாட்டேன்.

பிப்ரவரி 4

ஃபெயில். நானா அல்ல, நான்தான். கழிவறையில் அழுதுவிட்டு முகம் கழுவிக்கொண்டு வந்தேன். வீட்டில் "புரியுது, எல்லாம் நல்லாதான் போகுது" என்று சொல்லிவைத்தேன்.

பிப்ரவரி 5

இன்று மத்தியானம் நானாவிடம் சொல்லிவிட்டேன். என்னென்ன கேலி செய்வான் என்று முன்னாடியே யோசித்து, ஒவ்வொன்றுக்கும் பதில் தயாராக வைத்துக்கொண்டுதான் போனேன்.

அவன் நாற்காலியை நகர்த்தி இடம் விட்டு, லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பி, "எந்த லைன்ல நிக்குது?" என்றான்.

சண்டைக்குப் போனவளுக்கு அழுகை வந்துவிட்டது. அவன் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை, நான் மூக்கைச் சிந்தி முடிக்கும் வரை.