குறைத்த சத்தம்

திண்டிவனம்
12.8.1964

என் மகளுக்கு அம்மா எழுதுவது.

காரியம் முடிந்ததும் விழுப்புரத்துக்கே வந்துவிடச் சொன்னாய். வருகிறேன். ஆனால் இந்த வெள்ளிக்கிழமை கழியட்டும்.

வெள்ளிக்கிழமை இங்கே டூரிங் டாக்கீஸில் அப்பா இசையமைத்த படத்தை மறுபடியும் போடுகிறார்கள். புருஷன் போய் இருபது நாளில் சினிமாவா என்று ஊர் கேட்கும். கேட்கட்டும்.

ரேடியோ வால்வுகளை வைத்து அவர் செய்த பெட்டி உனக்குத் தெரியும். நரம்பு கிடையாது, துளை கிடையாது, கரண்டே பாடும். படத்தில் கதாநாயகி ஆற்றில் மூழ்கும் காட்சிக்கு அதை மட்டுமே வாசித்திருந்தார். முதல் தடவை இங்கே படம் வந்தபோது, அந்த வாசிப்பு தொடங்கிய கொஞ்ச நேரத்தில் ஆபரேட்டர் சின்னக்கண்ணு சத்தத்தை அடியோடு குறைத்துவிட்டார். படம் ஊமையாக ஓடியது.

"அவன் மேல தப்பில்ல. ஸ்பீக்கர் கெட்டுப்போச்சுன்னு நெனச்சிருப்பான்" என்று அப்பா கடைசிவரை சொன்னார்.

நேற்று சின்னக்கண்ணுவைப் போய்ப் பார்த்தேன்.

"அந்த எடத்துல சத்தத்தைக் கொறைக்காதீங்க. நான் பக்கத்துலயே ஒக்காந்துகினு இருப்பேன்."

"ஜனங்க கூச்சல் போடுவாங்கம்மா."

"போடட்டும்."

அவர் என்னையே பார்த்தார். இத்தனை வருஷமாக அப்பாவிடம் என்னைக் காட்டிக்கொடுக்காத மனிதர். அன்று அந்தப் பெட்டியின் சத்தத்தைக் கேட்டு ஜனங்கள் சிரித்த சிரிப்பு தாங்காமல், பெண்கள் பக்கத்திலிருந்து எழுந்து போய், "ஸ்பீக்கர் கெட்டுப்போச்சு, கொறைங்க" என்று அவரிடம் சொன்னவள் நான்தான்.

சனிக்கிழமை முதல் பஸ்ஸில் வரும்
உன் அம்மா